கொஞ்சம் அடக்கி வாசிங்க!

ஃப்ளாட் என்றதும் ஓ.எம்.ஆரில் டபுள் பெட்ரூம், கவர்டு கார் பார்க்கிங், இருபது வருஷ இ.எம்.ஐ. என்று கற்பனையை ஓட விடாதீர்கள். ரவுண்ட் என்பதும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஆரம்பிக்கிற சமாசாரம் இல்லை. இரண்டும் கிடார் கம்பிகள். பேஸ் கிடார் வாசிக்கிறவர்கள் நாலு பேர் டீ குடிக்கும் இடத்தில் ‘ஃப்ளாட்டா, ரவுண்டா?’ என்று சும்மா ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள். டீ ஆறிவிடும், சண்டை ஆறாது.

அதிலும் ஆறு கம்பி பேஸ் வைத்திருக்கிறவர் அங்கே இருந்தால் போச்சு. ‘ஆறு கம்பி பேஸுக்கு ஃப்ளாட் போடலாமா, கூடாதா?’ என்பதில் இரண்டு கட்சிகள். போடுவது பாவம் என்பது ஒரு கட்சி. அதுதான் மோட்சம் என்பது இன்னொன்று. இரண்டுமே அவசரப்படுகின்றன என்பது என் கட்சி. வாசிக்காத நீங்களும் கூட வரலாம். விஷயம் கடைசியில் காதில்தான் முடிகிறது.

முதலில் பேஸ் கிடார் என்றால் என்ன? பாட்டில் அது சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. இருக்கும்போது யாரும் பேர் சொல்லிப் பாராட்ட மாட்டார்கள். இல்லாவிட்டால் மட்டும் ‘என்னமோ குறையுதே’ என்பார்கள். பாடகர், வயலின், டிரம்ஸ் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்க, கீழே ‘தும் தும்’ என்று நடந்துகொண்டே இருக்கிற ஆசாமி அவர்.

அந்த ‘தும்’ எப்படிப்பட்ட ‘தும்’ என்பதைத் தீர்மானிப்பதில் கம்பிக்குப் பெரிய பங்கு உண்டு. பேஸ் கம்பி வெறும் கம்பி இல்லை. நடுவில் ஓர் எஃகுக் கம்பி. அதன் மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். மேலே சுற்றிய கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட். விரலை ஓட்டினால் ஸ்க்ரூ மரை மாதிரி நெருநெருக்கும். வெளிச் சுற்று தட்டையான நாடா மாதிரி இருந்தால் ஃப்ளாட்வவுண்ட். எவர்சில்வர் டம்ளரைத் தடவுகிற மாதிரி வழவழ.

தட்டைச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்திருப்பதால் கம்பிக்கு விறைப்பு அதிகம், உள்ளுக்குள்ளேயே உரசலும் அதிகம். மேல் சுரங்கள், அதாவது ஒரு சுரம் ஒலிக்கும்போது அதன் தலைக்கு மேலே மினுமினுக்கிற சின்னச் சின்னச் சுரங்கள், சீக்கிரம் அணைந்துவிடும். மிச்சம் இருப்பது உருண்டு திரண்ட ஒரு ‘தும்’. ரவுண்டில் அந்த மினுமினுப்பு முழுசாக இருக்கும். ‘டங்ங்ங்’ என்று நீளும்.

நமக்குச் சுலபமாகப் புரிகிற உதாரணம் தம்புரா. தம்புரா குதிரையில் கம்பிக்கு அடியில் ஒரு நூலைச் செருகி முன்னே பின்னே நகர்த்துவார்கள் இல்லையா? ஜீவா பிடிப்பது. மேல் சுரங்களை எழுப்பி ரீங்காரத்தைக் கொண்டுவரும் வேலை அது. ஃப்ளாட்வவுண்ட் செய்வது அதற்கு நேர் எதிர் வேலை. ஜீவாவை எடுத்துவிட்டு உடம்பை மட்டும் தருவது. தம்புராவில் அப்படிச் செய்தால் குற்றம். பேஸில் செய்தால் ஸ்டைல்.

அடங்கிய கம்பி, அடங்காத விரல்

1951-ல் லியோ ஃபெண்டர் தன்னுடைய ப்ரிசிஷன் பேஸ் கிடாரை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஆளுயர டபுள் பேஸைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்களுக்கு அது ஒரு விடுதலை. தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். ஆரம்ப கால பேஸ் கிடார்களில் பொதுவாக இருந்தவை ஃப்ளாட் கம்பிகள்தான். யாரும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்ததில்லை. அன்றைக்குச் சாதாரணமாகக் கிடைத்தது அது.

அந்தக் கம்பிக்கு ஒரு மகான் கிடைத்தார். ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட் நகரில் மோடவுன் கம்பெனியின் ஸ்டூடியோ. வெஸ்ட் கிராண்ட் பூலவார்டில் ஒரு சாதாரண வீடு, அதற்குள் ஒரு ரெக்கார்டிங் அறை. பாம்புக் குழி என்று அதற்குச் செல்லப் பெயர். அறுபதுகளில் டெம்ப்டேஷன்ஸ், சுப்ரீம்ஸ், ஃபோர் டாப்ஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கே என்று உலகம் ஆடிய பாட்டுகளில் பெரும்பகுதிக்குக் கீழே நடந்துபோனவர் இவர். 1962-ல் செய்த ஒரு ப்ரிசிஷன் பேஸ். அதில் லா பெல்லா கம்பெனியின் கனமான ஃப்ளாட் கம்பிகள். கம்பிக்கடியில் ஒரு துண்டு ஃபோம். வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றே ஒன்று. கம்பி அறுந்தால் தவிர மாற்ற மாட்டாராம். அழுக்கில்தான் ருசி இருக்கிறது என்பது அவர் கொள்கை என்று சொல்வார்கள். நம் வீட்டுத் தோசைக்கல்லைத் தேய்க்க விடாத பாட்டி மாதிரி.

இங்கேதான் ஃப்ளாட் கட்சிக்காரர்கள் சறுக்குகிறார்கள். ஜேமர்சனின் ‘தும்’ வேண்டும் என்று அதே கம்பி, அதே கனம், அதே ஃபோம் எல்லாம் வாங்கி மாட்டுகிறார்கள். அப்புறம் இரண்டு சுரம் வாசித்துவிட்டு, ‘ஆஹா, வின்டேஜ்!’ என்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். கம்பி கடைக்காரர்களும் இந்த மயக்கத்தைத்தான் விற்கிறார்கள். வின்டேஜ், வார்ம், தம்ப் என்ற மூன்று வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டு எல்லா அட்டைப்பெட்டியையும் நிரப்பிவிடுவார்கள். வார்ம் என்றால் என்ன? இட்லியா, சூடாக இருக்க?

ஜேமர்சனை நிஜமாகக் கேட்டுப் பாருங்கள். 1971-ல் வந்த மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டு. பாடகர் வலியோடு, மெதுவாக, கெஞ்சுகிற குரலில் பாடுகிறார். கீழே பேஸ் என்ன செய்கிறது தெரியுமா? ஓயாமல் பேசுகிறது. தாளத்தைத் தள்ளி விழுகிறது, முந்தி விழுகிறது, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் இடையிலிருக்கும் படிகளையெல்லாம் தொட்டுக்கொண்டு போகிறது. போன வரிக்குப் போட்டதை அப்படியே அடுத்த வரிக்குப் போடுவதில்லை. எழுதிப் பார்த்தால் ஒரு தனி ஆவர்த்தனம் மாதிரி இருக்கும். ஆனால் பாடகரை ஒரு இடத்திலாவது இடிக்கிறதா என்றால், இல்லை.

எப்படி? கம்பி! ஒவ்வொரு சுரமும் பிறந்த உடனே வயசாகி, அடுத்ததற்கு இடம் விட்டுவிடுகிறது. அத்தனை சுரங்களையும் பளபள ரவுண்ட் கம்பியில் அதே மாதிரி வாசித்தால், ஒன்றின் வால் மேல் இன்னொன்று நின்று, பாடகர் குரலுக்குக் கீழே சந்தை இரைச்சலாகிவிடும். ஃபோம் துண்டும் ஒற்றை விரலும் சேர்ந்து உதவின. முக்கிய உபகாரம் கம்பியுடையது.

தமிழில் அழகாக ஒரு பேச்சு உண்டு. ‘கொஞ்சம் அடக்கி வாசி’ என்போம். ஆபீஸில் மேனேஜரிடம் எகிறுகிறவனுக்கும் சொல்வோம். சங்கீதத்திலிருந்து வந்த வார்த்தை. ஜேமர்சன் விஷயத்தில் அடக்கி வாசித்தது கம்பிதான். மனுஷன் அடங்கவே இல்லை! ஃப்ளாட் என்றாலே சிக்கனமான, எளிமையான வாசிப்பு என்று நினைக்கிறவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

பளபளப்பு வந்த கதை

அறுபதுகளின் நடுவில் இங்கிலாந்தில் தி ஹூ என்று ஒரு ராக் கோஷ்டி. அவர்களுடைய பேஸ் வாசிப்பாளர் ஜான் என்ட்விசிலுக்குப் பெருங்காயமாக இருக்க இஷ்டமில்லை. பியானோவின் கீழ்க்கட்டை மாதிரி கணீரென்று கேட்க வேண்டும். 1966-ல் ரோட்டோசவுண்ட் கம்பெனிக்குப் போய்த் தன் குறையைச் சொன்னார். அந்தக் கம்பெனியின் ஜேம்ஸ் ஹவும் அவரும் சேர்ந்து மெனக்கெட்டதில் ஸ்விங் பேஸ் என்ற ரவுண்ட்வவுண்ட் கம்பி பிறந்தது. பேஸ் கிடாருக்கு வாய் வந்தது.

பிறகு 1976-ல் ஜாகோ பஸ்டோரியஸ் என்ற இளைஞரின் முதல் ஆல்பம். ஃப்ரெட் இல்லாத, அதாவது நம் வயலின் மாதிரி கட்டை வெறுமையாக இருக்கிற பேஸில் ரவுண்ட் கம்பி போட்டு, அதைப் பாட வைத்தார். ரவுண்ட் கம்பி மரத்தை அரம் மாதிரி அறுக்கும் என்பதால் கட்டை மேல் எபாக்ஸி பூசிக்கொண்டார். அதற்கப்புறம் ஊர் பூரா ரவுண்டுதான்.

இதில் யாருக்கு நஷ்டம்? மோடவுன் 1972-ல் டெட்ராய்டை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்கு ஜாகை மாற்றியது. ஜேமர்சனும் போனார். காலம் மாறிவிட்டது. புரொட்யூசர்களுக்குப் புது பளபளப்பு வேண்டியிருந்தது. இவருக்குப் புதுக் கம்பிக்கு மாற மனசில்லை என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். குடியும் சேர்ந்துகொண்டது. வேலை குறைந்தது. 1983 மார்ச்சில் மோடவுனின் 25-ம் ஆண்டு விழா அமர்க்களமாக நடந்தது. அந்தப் பாட்டுகளின் அடித்தளத்தைப் போட்டவர் பிளாக்கில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். அதே ஆகஸ்டில், 47 வயதில் இறந்துபோனார். இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு அவருடைய அந்தப் பழைய பேஸும் திருட்டுப் போயிருந்தது.

கம்பி ரகம் என்பது ஏதோ ஹாபிக்காரர்களின் பொழுதுபோக்குச் சர்ச்சை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொன்னேன். ஃபேஷன் ஒரு மனுஷனின் சாப்பாட்டில் கை வைத்திருக்கிறது. இன்றைக்கு அதே சத்தத்தை ‘வின்டேஜ்’ என்று பிரீமியம் விலைக்கு விற்கிறார்கள். 2000-ல் அவருக்கு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுத்தார்கள். 2002-ல் அவரையும் சகாக்களையும் பற்றி ஒரு டாக்குமெண்டரி வந்தது. டூ லேட்.

ஃப்ளாட் என்றால் பழசு, மந்தம், தாத்தா சத்தம் என்று நினைக்கிற ரவுண்ட் கட்சிக்கும் ஒரு வார்த்தை. அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் கோஷ்டி கேட்டிருப்பீர்கள். இல்லாவிட்டால் உங்கள் பையனின் டி-ஷர்ட்டிலாவது பார்த்திருப்பீர்கள். அதன் பேஸ் வாசிப்பாளர் ஸ்டீவ் ஹாரிஸ் குதிரை ஓட்டம் மாதிரி ‘டகடக் டகடக்’ என்று வாசிப்பாரே, அது ஃப்ளாட் கம்பி. ஆனால் புத்தம் புதுசாக மாட்டியது, விரலால் ஓங்கி அறைவது. ஆக, தட்டைக் கம்பியும் கத்தும். கத்த வைக்கிற கை வேண்டும்.

ஆறாவது கம்பியின் பிரச்னை

இப்போது ஆறு கம்பி. டேன்எலெக்ட்ரோ 1956-லும் ஃபெண்டர் 1961-லும் ஆறு கம்பியில் ஒரு தினுசு பேஸ் செய்தார்கள். அது சாதாரண கிடாரையே ஒரு ஸ்தாயி இறக்கி வைத்த மாதிரி. நாம் பேசும் ஆறு கம்பி வேறு. அதன் மூல புருஷர் அந்தோனி ஜாக்சன் என்ற நியூயார்க் வித்வான். அவர் கேட்ட கேள்வி சுலபமானது. ‘கிடார் குடும்பத்தில் எல்லாருக்கும் ஆறு கம்பி இருக்கும்போது மூத்த அண்ணனுக்கு மட்டும் ஏன் நாலு?’ டபுள் பேஸுக்கு நாலு இருந்தது, ஃபெண்டரும் நாலு வைத்துவிட்டார், அவ்வளவுதான். எழுபதுகளின் நடுவில் கார்ல் தாம்ப்சன் என்ற கைவினைஞரிடம் சொல்லி ஆறு கம்பியில் ஒன்று செய்யச் சொன்னார். வழக்கமான நாலுக்குக் கீழே ஒரு தடித்த கம்பி, மேலே ஒரு மெல்லிய கம்பி. கான்ட்ராபேஸ் கிடார் என்று பேர் வைத்தார்.

வேடிக்கை என்னவென்றால், ஜாக்சன் ஜேமர்சனின் பரம பக்தர். ஆனால் குருவின் சத்தத்தைக் காப்பி அடிக்கவில்லை. ஜப்பானிய பியானோ கலைஞர் ஹிரோமியின் 2011 ஆல்பம் ‘வாய்ஸ்’ கேளுங்கள். பியானோவும் டிரம்ஸும் எரிமலையாகக் கொதிக்கிற இடத்திலும் ஜாக்சனின் ஒவ்வொரு சுரமும் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை தெளிவாகக் கேட்கிறது. கையில் ஆறு கம்பி இருந்தும் ‘பார், என்னிடம் ஆறு இருக்கு’ என்று காட்டுகிற வாசிப்பு இல்லை. வேண்டிய இடத்தில் வேண்டிய சுரம். ஜேமர்சனுக்கு விரல் நிறையப் பேசியது, கம்பி அடங்கியது. ஜாக்சனுக்குக் கம்பி பேசுகிறது, விரல் அடங்குகிறது.

என் கட்சியின் முதல் விதி இதிலிருந்து வருகிறது: இரண்டில் ஒன்று அடங்க வேண்டும். நிறைய வாசிக்கிற கைக்கு அடங்கிய கம்பி. எண்ணி வாசிக்கிற கைக்குப் பேசுகிற கம்பி. ஆறு கம்பி வாங்குகிறவர்களில் பலர் நிறைய வாசிக்கிறவர்கள் (நிறைய வாசிக்கத்தானே ஆறு வாங்குகிறார்கள்!). அவர்களுக்கு ஃப்ளாட் ஒரு நல்ல வைத்தியம். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நிம்மதி.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. அது ரசனை சம்பந்தப்பட்டது இல்லை, ஃபிசிக்ஸ்.

நாலு கம்பி பேஸின் தடித்த கம்பி ஈ. வினாடிக்கு 41 தடவை அதிரும். ஆறு கம்பியில் அதற்கும் கீழே பி என்று ஒன்று. சுமார் 31 தடவை. மனுஷக் காது 20-க்குக் கீழே கேட்காது என்பார்கள். அந்த எல்லையை எட்டிப் பார்க்கிற தூரம். பெரும்பாலான ஸ்பீக்கர்களுக்கு 31-ஐக் கொடுக்கிற யோக்யதை கிடையாது. அப்புறம் நமக்கு எப்படிக் கேட்கிறது? மேல் சுரங்களால்! ஆதார சுரமே இல்லாவிட்டாலும் அதன் மேல் சுரங்கள் கேட்டால் போதும், மூளை மிச்சத்தைத் தானே பூர்த்தி பண்ணிக்கொள்ளும். பழைய டெலிபோன் இணைப்பு 300-க்குக் கீழே எதையும் அனுப்பாது. ஆண் குரலின் ஆதாரமோ 100 சொச்சம். ஆனாலும் ‘ஹலோ’ என்றதும் பேசுவது மாமா என்று கண்டுபிடித்தோமே, அதே வித்தைதான்.

இப்போது கணக்குப் போடுங்கள். சின்ன ஸ்பீக்கரில் பி கம்பி கேட்க வேண்டுமானால் அதன் பத்தாவது மேல் சுரமாவது உயிரோடு இருக்க வேண்டும். ஃப்ளாட் கம்பி கொல்வது சரியாக அதைத்தான். மேலும் பி கம்பி மகா தடிமன், ஏற்கெனவே விறைப்பு. தட்டைச் சுற்றும் சேர்ந்தால் சுரம் போய் வெறும் ‘தொப்’ மட்டும் மிஞ்சும். பக்கத்து வீட்டு மாடியில் யாரோ தலையணையைப் போட்ட மாதிரி.

ஜேமர்சனுக்கு இந்தப் பிரச்னை இல்லை. அவருடைய பேஸில் பி கம்பியே இல்லை. மோடவுனில் பாட்டை மிக்ஸ் பண்ணும்போது கார் ரேடியோ சைஸ் குட்டி ஸ்பீக்கரில் போட்டுப் பார்ப்பார்கள். அதில் எடுபட்டால்தான் பாஸ். நாலு கம்பி ஃப்ளாட் அந்தப் பரீட்சையில் ஜெயித்தது. அதே மார்க் ஷீட்டைக் காட்டி ஆறாவது கம்பிக்கு அட்மிஷன் கேட்பது நியாயமில்லை.

மேலே இருக்கிற மெல்லிய சி கம்பியின் கதை வேறு. அது வினாடிக்கு 131 அதிர்வு. அங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ரவுண்டில் அது சில சமயம் வெடுவெடுக்கும், மற்ற கம்பிகளோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். ஃப்ளாட் போட்டால் பழைய ஜாஸ் கிடார் மாதிரி குழைவு வரும். மேல் மூன்று கம்பிகளில் இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து கார்டு வாசித்தால் கேட்க ஆனந்தம். ஆறு கம்பிக்கு ஃப்ளாட் போட உண்மையான காரணம் ஏதாவது இருந்தால் அது இதுதான் என்பேன், கீழேயுள்ள ‘தும்’ அல்ல. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

சரி, என்ன வாங்கலாம்?

கடைக்குப் போவதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில:

ஒன்று, பி கம்பி உங்களுக்கு எதற்கு? ஆளுயர ஸ்பீக்கர் வைத்து ரெகே மாதிரி நெஞ்சில் இடிக்க வேண்டுமானால் ஃப்ளாட் பி தாராளமாகப் போதும். அங்கே காதை விட விலா எலும்புதான் கேட்கிறது. ரெக்கார்டிங்கில், அதுவும் ஜனங்கள் செல்போனில் கேட்கப் போகிற ரெக்கார்டிங்கில், பி கம்பியில் நிறைய சுரங்கள் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் ரவுண்டுக்கே போங்கள். இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு நடுவாந்திரமாக ஒன்று உண்டு. ரவுண்ட் கம்பியின் மேல் முகத்தை மட்டும் இழைத்துச் சமமாக்கிய ரகம். டி’அடாரியோ அதை ஹாஃப் ரவுண்ட்ஸ் என்கிறது. சமரசங்களுக்கு உண்டான எல்லா நன்மை தீமையும் அதற்கு உண்டு.

இரண்டு, கிடாரின் நீளம். கம்பி அதிரும் தூரம் சாதாரணமாக 34 இன்ச். 35, 36 இன்ச்சிலும் செய்கிறார்கள். நீளம் கூடினால் அதே தடிமன் கம்பி இன்னும் முறுக்காக நிற்கும், பி தெளியும். 34 இன்ச்சில் ஃப்ளாட் பி கொஞ்சம் துரதிர்ஷ்டசாலி. கம்பியும் அந்த நீளத்துக்கு ஏற்றதாக வாங்க வேண்டும்.

மூன்று, இழுவிசை. ஒரு பேஸ் கம்பி சுமார் 15 முதல் 20 கிலோ விசையில் இழுத்துக்கொண்டு நிற்கும். ஆறும் சேர்ந்தால் நூறு கிலோவை அநாயாசமாகத் தொடும். ஜேமர்சன் போட்ட மாதிரி கனமான ஃப்ளாட்டை ஆறு கம்பியில் மாட்டினால் கிடாரின் கழுத்து பாவம். வியன்னாவின் தாமஸ்டிக்-இன்ஃபெல்ட் ஃப்ளாட்கள் மென்மையான இழுப்புக்குப் பேர் போனவை. மேல் சுரமும் கொஞ்சம் மிச்சம் வைக்கும். டி’அடாரியோவின் குரோம்ஸ் இறுக்கமானது, ஃப்ளாட்களில் பிரகாசமான பிள்ளை. லா பெல்லா நாம் பார்த்த அந்த ‘தும்’, அதிலேயே இழுவிசை குறைந்த ரகமும் கிடைக்கிறது. கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைத் திருகிச் சரிசெய்ய, பழக்கமான கையிடம் கொடுங்கள். யூ ட்யூப் பார்த்து முறுக்காதீர்கள்.

நான்கு, ஒரே செட்டாக வாங்குங்கள். ‘ஐந்து ஃப்ளாட், பி மட்டும் ரவுண்ட்’ என்று கலப்புக் கல்யாணம் பண்ணிவைப்பவர்கள் உண்டு. காகிதத்தில் சரிதான். வாசிக்கும்போது கம்பி தாண்டும் இடத்தில் வேறு ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி சத்தம் மாறும். காது கண்டுபிடித்துவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. மாட்டும்போது மிச்சக் கம்பியை வெட்டுவதற்கு முன் அந்த இடத்தில் ‘எல்’ மாதிரி நன்றாக மடித்துவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். நேராக வெட்டினால் மேல் நாடா உள் கம்பியில் வழுக்கித் தளர்ந்துவிடும். காசு போச்சு.

காசு என்றதும் பி.காம். புத்தி தலைதூக்குகிறது. ஆறு கம்பி ஃப்ளாட் செட்டின் விலை ரவுண்டை விட நன்றாகவே ஜாஸ்தி. உதாரணத்துக்கு இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ரவுண்ட் கம்பியின் இடுக்குகளில் வியர்வையும் எண்ணெயும் புகுந்து, நம்ம ஊர் கடற்கரை ஈரத்தில் இரண்டு மூன்று மாதத்தில் பளபளப்பு செத்துவிடும். ஃப்ளாட்டில் இடுக்கே இல்லை. துடைத்து வைத்தால் வருஷக்கணக்கில் ஓடும். மாதத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் ஃப்ளாட் சிக்கனம். ஆனால் ஒரு கண்டிஷன்: முதல் தேர்விலேயே திருப்தி வர வேண்டும். ‘இது சரியில்லை, அடுத்த பிராண்ட்’ என்று மாற்றிக்கொண்டே இருந்தால் அந்தச் சிக்கனம் டெப்ரிசியேஷனில் போய்விடும்.

என் தீர்ப்பு: கார்டு வாசிக்கிறவர், சுரங்களைக் கொட்டுகிறவர், ஃப்ரெட் இல்லாத பேஸ் வைத்திருப்பவர் ஆகிய மூவரும் ஆறு கம்பிக்கு ஃப்ளாட் போடலாம். பி கம்பியில் குடித்தனம் நடத்துகிறவர் போட வேண்டாம். ஜேமர்சன் மாதிரி கேட்க வேண்டும் என்பதற்காக மட்டும் போடுகிறவர், முதலில் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டின் பேஸ் வரியை முழுசாக வாசிக்கக் கற்றுக்கொண்டு, பிறகு கடைக்குப் போகலாம். பாதிப் பேர் வழியிலேயே திரும்பிவிடுவார்கள்.

வாசிக்காதவர்களுக்கு இந்த வாரம் ஒரு வீட்டுப்பாடம். 1964-ல் டெம்ப்டேஷன்ஸ் பாடிய ‘மை கேர்ள்’ பாட்டின் ஆரம்பத்தில் சில வினாடிகள் பேஸ் மட்டும் தனியாக வரும், அப்புறம்தான் கிடார் சேரும். ஜேமர்சன். முதலில் செல்போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். பிறகு நல்ல ஹெட்போனில் கேளுங்கள். இரண்டிலும் அது என்ன சுரம் என்று பாட முடிகிறதா பாருங்கள். முடியும். அதற்கப்புறம் உங்கள் வீட்டு ஆறு கம்பிக்காரரை அவருடைய பி கம்பியில் ஒரு வரி வாசித்து ரெக்கார்ட் பண்ணித் தரச் சொல்லி, அதே செல்போனில் போட்டுக் கேளுங்கள். பாட முடிந்தால் அவர் மாட்டியிருப்பது சரியான கம்பி, ஃப்ளாட்டோ ரவுண்டோ.